தாங்கியில் எண்ணெய் எவ்வளவு?

குளிர் மிகுந்த நாடுகளிலே வாழும் மக்களுக்கு உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றோடு நான்காவதாக ஒன்றும் இன்றியமையாததாகின்றது. அதுவே வெப்பம். வெயிலுக்கு அஞ்சி நிழல் தேடும் நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆயின், மார்கழி, தை மாதங்களில் ஐரோப்பாவின் வடபாகத்திலே வீட்டினுள் வெப்பம் இல்லையெனின், குழாயிலுள்ள நீர் உறையும். உறைந்த நீர் விரிதலால் குழாய் வெடிக்கும். முதியோரும் குழந்தைகளும் நோய்வாய்ப்படுவர். ஆதலின், வீட்டைச் சூடாக்கும் எரிபொருள் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்பது அந்நாட்டு இல்லத்தரசிக்கு, அரிசிப் பானையில் எவ்வளவு அரிசி உள்ளது என்று நம் வீட்டுத் தாய்மார் பார்ப்பதை ஒத்த நாளாந்த வினாவாகும்.

அவ்வினாவிற்கு விடையளிக்கும் சிறு கருவியொன்றைப் பற்றி இவ்வாரம் நேயர்களோடு உரையாட விரும்புகின்றோம். மின்கலத்தால் இயங்கி, கம்பியின்றிச் செய்தி அனுப்பும் இக்கருவியை, ஓரளவு பௌதிக அறிவும் பொறுமையும் உடைய எவரும் தம் வீட்டு மேசையிலே வைத்துத் தாமே அமைத்துக்கொள்ளலாம். பாடசாலையிலே நாம் கற்கும் எதிரொலி, மின்னோட்டம், கனவளவு ஆகிய மூன்று பாடங்களும் இதனுள்ளே ஒருங்கு கூடியிருத்தலின், மாணவர்கள் இதனை ஊன்றிப் படித்தல் நன்று.

வட அயர்லாந்தின் தாங்கிகள்

வட அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி, அங்கே நூற்றுக்கு 62 வீடுகள் எண்ணெயை எரித்தே சூடாக்கப்பட்டன. அதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் பெருநகரங்களிலே இயற்கைவாயு நிலத்தடிக் குழாய் வழியாக நெடுங்காலமாக வீடுதோறும் சென்றுகொண்டிருக்க, வட அயர்லாந்துக்கோ கடலடியால் ஸ்கொத்லாந்திலிருந்து குழாய் இடப்பட்டு இயற்கைவாயு வந்து சேர்ந்தது 1996ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்பே மக்கள் எண்ணெயை நம்பி வாழப் பழகிவிட்டனர். குழாய் செல்லாத நாட்டுப்புறங்களுக்கு இன்றும் அதுவே பெருந்துணை.

அங்கு எரிக்கப்படுவது நாமறிந்த மண்ணெண்ணெயே. வீட்டின் பின்புறத்திலே பச்சை நிறப் பிளாத்திக்குத் தாங்கியொன்று நிற்கும். ஆயிரம் லீற்றர் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட கொள்ளளவு உடையது அது. பவுசர் வண்டி வந்து நீண்ட இறப்பர்க் குழாயால் நிரப்பிவிட்டுச் செல்லும்.  தாங்கியிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் வழியே எண்ணெய் கொதிகலனை அடைந்து எரிந்து, வீடெங்கும் சுற்றியோடும் நீரைச் சூடாக்கும்.

ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ 10 கிலோவாற்று மணித்தியால வெப்பம் கிடைக்கும். ஆகவே 20 கிலோவாற்று வலுவுள்ள கொதிகலன் ஒரு மணித்தியாலம் முழு வேகத்தில் எரிந்தால் 2 லீற்றர் செலவாகும். நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் எரியும் வீட்டிலே நாளுக்கு 10 லீற்றர். குளிர் முற்றிய நாட்களில் இத்தொகை இரட்டிக்கவும் கூடும்.

எண்ணெய் தீர்ந்தால் வருவன

மின்சாரம் நின்றால் மீண்டும் வந்தவுடன் விளக்கு எரியும். எண்ணெயின் தன்மை அத்தகையதன்று. தாங்கி வறண்டால் குழாயினுள்ளே காற்றுப் புகுந்துவிடும். புதிய எண்ணெய் ஊற்றிய பின்னரும் அக்காற்றை வெளியேற்றினாலன்றிக் கொதிகலன் எரியாது. மேலும், நீர் எண்ணெயைவிட அடர்த்தி கூடியது. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஏறத்தாழ 800 கிராம் நிறையுடையது. நீரோ 1000 கிராம். ஆதலின் தாங்கியினுட் கசியும் மழைநீரும் பனிநீரும் அழுக்கும் அடியிலே தங்கும். எண்ணெய் மட்டம் மிகத் தாழும்போது அவ்வழுக்கு எரிகருவியைச் சென்றடைந்து அதன் நுண்துளையை அடைக்கும். பழுது திருத்துவோரை அழைக்கவேண்டிய செலவும் அதன்மேற் சேரும்.

2010ஆம் ஆண்டு மார்கழி மாதத்தை அந்நாட்டார் எளிதில் மறவார். அம்மாதம் காசல்டேர்க் என்னும் ஊரிலே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 18.7 பாகை செல்சியசு வரை இறங்கியது. வீதிகளெங்கும் பனி மூடியமையால் பவுசர்கள் ஓடவியலாது நின்றன. தாங்கியில் மிஞ்சியிருப்பது எவ்வளவு என்று முன்கூட்டியே அறிந்து வாங்கி வைத்தவர் தப்பினர். அறியாதவர் கம்பளிக்குள் ஒடுங்கி வண்டியின் வரவை நோக்கியிருந்தனர்.

இதனினும் கொடிய துன்பம் கசிவு. தாங்கியிலோ குழாயிலோ மயிரிழை போன்ற வெடிப்பு ஏற்பட்டு எண்ணெய் நிலத்தினுள் இறங்குமாயின், மண்ணும் நிலத்தடி நீரும் கெடும். அம்மண்ணை அகழ்ந்து அகற்றும் செலவு எண்ணெயின் விலையைப் பன்மடங்கு விஞ்சும். இரவிலே தாங்கியிலிருந்து எண்ணெயைத் திருடிச் செல்வோரும் உளர். இம்மூன்று தீங்குக்கும் மருந்து ஒன்றே: மட்டம் எங்கே நிற்கின்றது என்பதை இடைவிடாது அறிந்துகொண்டிருத்தல்.

பண்டைய முறை ஆழங்கோல். நீண்ட கோலைத் தாங்கியினுள் விட்டு எடுத்து, ஈரம் படிந்த உயரத்தை அளப்பர். நம்பத்தக்க முறைதான், ஆயின் உறைபனி வழுக்கும் முற்றத்திலே, மாலை நான்கு மணிக்கே இருள் சூழும் நாட்டிலே, எழுபது வயது மூதாட்டியொருத்தி கோலெடுத்து நடத்தல் எங்ஙனம்? ஆகவேதான் தாங்கியே வீட்டினுள் வந்து தன் நிலையைச் சொல்லும் வழியை மக்கள் தேடினர். ஆயத்தமாகச் செய்த கருவிகள் கடைகளிலும் கிடைக்கின்றன. எனினும், தாமே அமைத்தவருக்கு அதன் ஒவ்வொரு குறையும் நிறையும் தெரியும். பழுதுற்றால் தாமே திருத்துவர்.

எதிரொலி கூறும் ஆழம்

கருவியின் முதற் பணி அளத்தல். தாங்கியின் மேல் மூடியிலே கீழ்நோக்கி ஒரு சிறு ஒலிபரப்பி பொருத்தப்படும். அது செக்கனுக்கு 40,000 அதிர்வு என்னும் மீடிறனிலே ஒரு கணத் துடிப்பை எழுப்பும். மனிதச் செவி செக்கனுக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்டதைக் கேளாது. ஆதலின் இதனைக் கழியொலி என்பர். அவ்வொலி எண்ணெயின் மேற்பரப்பிற் பட்டுத் திரும்பும். போய்வந்த நேரத்தைக் கருவி கணிக்கும்.

வௌவால் இருளிலே பறப்பதும் இவ்வகையாலேயே. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே இத்தாலிய அறிஞர் சுபலன்சானி, கண் குருடான வௌவால் தடையின்றிப் பறப்பதைக் கண்டு வியந்தார். செவி அடைபட்ட வௌவாலோ தடுமாறியது. அதன் காரணம் அவர் காலத்தில் விளங்கவில்லை. அமெரிக்கரான கிரிபின், கலம்போசு ஆகிய இருவரும் 1930களின் இறுதியிலும் அதனையடுத்தும் செய்த ஆய்வுகளாலேயே வௌவாலின் கழியொலி உலகறிந்த உண்மையாயிற்று. வௌவாலுக்கு இயற்கை அளித்ததை நாம் சில நூறு ரூபா பெறுமதியான தகட்டிலே பெறுகின்றோம்.

கணக்கு எளிது. 20 பாகை செல்சியசிலே காற்றில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 343 மீற்றர். எண்ணெய் மட்டம் ஒரு மீற்றர் கீழே இருப்பின், ஒலி சென்று திரும்பும் தூரம் 2 மீற்றர். அதற்குச் செல்லும் நேரம் ஆயிரத்திலொரு செக்கன் அளவையில் ஏறத்தாழ 5.8.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒலியின் வேகம் வெப்பநிலையோடு மாறுவது. பூச்சியப் பாகையிலே அது செக்கனுக்கு 331 மீற்றராகக் குறையும். வெம்மையான அறையிலே 343 என்று கணக்கிட்டு அமைத்த கருவியை உறைபனியிலே கொண்டுசென்று வைத்தால், ஒலி தாமதித்துத் திரும்புதல் கண்டு, மட்டம் உண்மையிலும் தாழ்ந்துள்ளதென அது பிறழ உணரும். ஒரு மீற்றர்த் தூரத்தில் இப்பிழை மூன்றரைச் சதமமீற்றர் வரையாகும். அடிப்பரப்பு 1.2 சதுர மீற்றரான தாங்கியிலே ஒரு சதமமீற்றர் உயரம் 12 லீற்றருக்குச் சமன். ஆகவே பிழை ஏறத்தாழ 40 லீற்றர்; அதாவது நான்கு நாட் செலவு. இரவில் குளிர்ந்து பகலில் வெம்மையுற, எண்ணெய் தானாகவே குறைந்தும் பெருகியும் வருவதுபோல் ஏட்டிற் பதிவாகும். கள்வன் வந்தானோ என வீட்டார் கலங்குவர்!

இதற்குப் பரிகாரம் ஒரு சிறு வெப்பமானிச் சில்லு. அரைப் பாகைத் திருத்தத்துடன் அளக்கும் சில்லுகள் மலிவாகக் கிடைக்கின்றன. பூச்சியப் பாகை வேகமான 331.3 மீற்றரோடு, ஒவ்வொரு பாகைக்கும் 0.6 மீற்றர் வீதம் கூட்டிக்கொண்டாற் போதும். பிழை ஒரு மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றரளவிற்குச் சுருங்கிவிடும்.

மற்றுமொரு நுட்பம். ஒலிபரப்பி ஒலியெழுப்பியவுடன், கோயில் மணியை அடித்தபின் சற்று நேரம் ரீங்காரம் செய்வதுபோல, தானே அதிர்ந்துகொண்டிருக்கும். அந்நேரத்தில் வரும் எதிரொலியை அது பிரித்தறியாது. ஈரம் புகாவண்ணம் மூடி அமைத்த ஒலிபரப்பிகள் இருபது சதமமீற்றருக்குக் கிட்டிய பொருளை அளக்கவொண்ணாமை இதனாலேயே. தாங்கி விளிம்புவரை நிரம்பிய சில நாட்களில் அளவு பொய்க்குமாயின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எண்ணெய் நிறைந்திருக்கும்போது அளவு தேவைப்படுவதுமில்லை. தாங்கியின் சுவரிலோ உட்குழாயிலோ பட்டுத் திரும்பும் பொய்யொலிகள் இடையிடையே குழப்பும். ஆகவே ஒரு முறைக்குப் பதிலாக ஏழு முறை அளந்து, ஏழையும் வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை ஏற்றல் வேண்டும். சராசரி எடுத்தால் ஒரு பொய் ஏனைய ஆறையும் கெடுத்துவிடும். நடுவிலுள்ளதோ அதற்கு அசையாது.

உயரத்திலிருந்து கனவளவு

நீள்சதுரத் தாங்கியாயின் உயரத்தை அடிப்பரப்பாற் பெருக்கினாற் போதும். படுக்கையாகக் கிடக்கும் உருளைத் தாங்கியோ அவ்வாறு இணங்காது. அதிலே உயரத்தின் பாதி, கனவளவின் பாதிதான். ஆயின் உயரத்தின் காற்பங்கிலே நிற்கும் எண்ணெய், கொள்ளளவில் நூற்றுக்கு 20க்கும் சற்றுக் குறைவு. பத்திலொரு பங்கு உயரத்திலோ நூற்றுக்கு 5 மாத்திரமே. 'இன்னும் பத்திலொன்று இருக்கின்றதே' என்று ஆறியிருப்பவர், உண்மையில் இருபதிலொரு பங்கையே கொண்டுள்ளார். உருளையின் அடிப்பாகம் ஒடுங்கியிருத்தலே இதன் காரணம். உயர்தர வகுப்பு மாணவர்கள் வட்டத்துண்டின் பரப்பைக் கணித்து இதனைத் தாமே நிறுவிப் பார்க்கலாம்.

பிளாத்திக்குத் தாங்கிகள் எண்ணெயின் பாரத்தாற் பக்கங்களிலே சற்றுப் புடைப்பதும் உண்டு. ஆகவே நூற்கணக்கு முற்றும் பொருந்தாது. இதனைச் சீர்செய்ய ஓர் எளிய வழியுளது. பவுசர் எண்ணெய் ஊற்றும்போது அதன் மானி காட்டிய அளவு பற்றுச்சீட்டிலே அச்சாகும். 500 லீற்றர் ஊற்றியபோது நம் கருவி 480 லீற்றர் ஏற்றத்தைக் காட்டுமாயின், அந்த விகிதத்தால் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இவ்வாறு ஒப்பிட்டால் கருவி மேலும் மேலும் செம்மையுறும்.

உறங்கக் கற்ற கருவி

இனி மின்சாரம். தீப்பாதுகாப்புக் கருதித் தாங்கியை வீட்டின் வாயில்கள், யன்னல்களிலிருந்து 1.8 மீற்றராவது விலக்கி வைத்தல் அந்நாட்டு வழக்கு. அவ்விடத்திற்கு மின்கம்பி இழுத்தல் செலவும் இடரும் உடையது. எனவே மின்கலமே தகும். ஆனால் மாதந்தோறும் மின்கலம் மாற்றவேண்டுமாயின் ஆழங்கோலே மேல் என்று வீட்டார் கருவியைக் கைவிடுவர். கருவியின் வெற்றியும் தோல்வியும் இவ்விடத்திலேயே முடிவாகின்றன.

சீனத்தின் சங்காய் நகரிலுள்ள எஸ்பிரசிவ் நிறுவனம் 2014ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ஈ.எஸ்.பி. 8266 என்னும் சில்லு, கணிக்கும் ஆற்றலையும் வைபை வானொலியையும் ஒருங்கே கொண்டது. விலையிலோ மிக மலிவு. அது விழித்திருக்கும்போது சராசரி 80 மில்லி அம்பியர் மின்னோட்டத்தை உண்ணும். நம் கையிலுள்ள மின்கலம் 2500 மில்லி அம்பியர் மணித்தியாலக் கொள்ளளவினது என்க. இடைவிடாது விழித்திருந்தால் 31 மணித்தியாலத்தில் அது தீர்ந்துவிடும்.

அச்சில்லுக்கு ஆழ்துயில் என்னும் நிலையொன்றும் உண்டு. அப்போது அதன் உள்ளே ஒரு கடிகாரம் மாத்திரமே ஓடும். மின்னோட்டம் ஒரு மில்லி அம்பியரின் ஐம்பதில் ஒரு பங்கு. நாள் முழுதும் உறங்கினாலும் செலவு அரை மில்லி அம்பியர் மணித்தியாலத்திற்கும் குறைவு. மணித்தியாலத்திற்கு ஒரு முறை விழித்து, அளந்து, செய்தி அனுப்பி ஐந்து செக்கனில் மீண்டும் உறங்குமாயின், விழிப்பிற்கான நாட்செலவு 2.7, துயிலோடு சேர்த்து 3.2 அளவில் ஆகும். அதே மின்கலம் இரண்டு ஆண்டுக்கு மேல் உழைக்கும். மின்கலம் சும்மா இருக்கையிலும் சிறிது சிறிதாகத் தன் ஆற்றலை இழப்பதையும், குளிரில் அதன் வலு குன்றுவதையும் கழித்தாலும், ஓர் ஆண்டு உறுதி. நாளுக்கு நான்கு முறை அளந்தாற் போதுமெனின் இன்னும் நீடிக்கும். எண்ணெய் ஒரு நாளிலே ஒரு சதமமீற்றருக்கும் குறைவாகவே இறங்குகையில், நிமிடந்தோறும் அளப்பதாற் பயன் யாது?

இங்கே சிறு துளிகளே பெருங்கேடு செய்வன. விற்பனைக்கு வரும் தகடுகளிலே அழகிற்காக ஒரு சிறு விளக்கு எரியும். அது 5 மில்லி அம்பியரை உண்ணுமாயின், சில்லு எவ்வளவு நன்றாக உறங்கினாலும் மின்கலம் மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே அவ்விளக்கை அகற்றிவிடல் வேண்டும். ஒலிபரப்பியும் வேலையில்லா நேரத்தில் மின்னுண்ணாதபடி, ஒரு திரான்சிற்றரை ஆளியாக அமைத்து, அளக்கும் கணத்தில் மாத்திரம் அதற்கு மின் ஊட்டல் வேண்டும். மின்னழுத்தத்தை மாற்றும் சில்லும் தன் பங்கிற்கு உண்ணும். 3.2 வோல்ற்று அழுத்தமுள்ள இலிதியம் இரும்புப் பொசுபேற்று மின்கலத்தைப் பயன்படுத்தினால், 3.3 வோல்ற்றுக்கென ஆக்கப்பட்ட சில்லு நேரடியாகவே அதில் இயங்கும்; இடையிலே மாற்றி வேண்டியதில்லை. சில ஒலிபரப்பிகள் 5 வோல்ற்று கேட்கும், 3.3 வோல்ற்றில் இயங்குவனவும் உள. வாங்குமுன் இதனைப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

கம்பியின்றிச் செய்தி

வட அயர்லாந்துக்கும் கம்பியில்லாத் தந்திக்கும் பழைய உறவு உண்டு. 1898ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே, மார்க்கோனியின் உதவியாளர்கள் பாலிகாசல் ஊருக்கும் கடல் நடுவேயுள்ள இரத்லின் தீவுக்கும் இடையே கம்பியின்றிச் செய்தி அனுப்பிக் காட்டினர். அத்தீவைக் கடந்துசெல்லும் கப்பல்களின் செய்தியைக் கரைக்குத் தெரிவிப்பதே நோக்கம். ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர்த் தூரத்திற்கு அன்று உயர்ந்த கம்பமும் பாரிய கருவிகளும் வேண்டியிருந்தன. இன்று அதே மாவட்டத்து வீட்டுத் தாங்கியின் மேலே தீப்பெட்டியளவான சில்லுத்தகடு அவ்வேலையைச் செய்கின்றது.

தாங்கி வீட்டுக்கு அண்மையிலிருப்பின் வீட்டு வைபையே போதும். கற்சுவர்களுக்கு அப்பால், தோட்டத்தின் கோடியிலே நிற்குமாயின் வைபை எட்டாது. அதற்கு லோரா என்னும் முறை உண்டு. பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரிலே உருவாக்கப்பட்டு, 2012ஆம் ஆண்டு அமெரிக்க நிறுவனமான செம்ரெக்கின் கைக்கு மாறிய முறை இது. மிக மெதுவாகப் பேசுதலால், மிகச் சிறு வலுவோடு கிலோமீற்றர்க் கணக்கான தூரத்தைக் கடக்கும். நமக்கோ அனுப்பவேண்டியவை மட்டம், வெப்பநிலை, மின்கல அழுத்தம் என்னும் மூன்று எண்களே, மெதுவாகப் பேசினாலென்ன? தாங்கி இரும்பாலானதாயின் வான்கம்பியை அதன் வெளியே வைத்தல் வேண்டும். இரும்புக் கூட்டினுள் அடைபட்ட வானொலி அலை வெளியேறாது.

வீட்டினுள்ளே செய்தியை வாங்கிப் பகிர்ந்தளிக்கும் பணியை எம்.கியூ.ரி.ரி. என்னும் மொழியொழுங்கு செய்கின்றது. இதன் வரலாறு சுவையானது. 1999ஆம் ஆண்டு அண்டி ஸ்டான்போர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்னும் பொறியியலாளர் இருவர், தொலைவிடங்களிலுள்ள எண்ணெய்க் குழாய்களின் நிலையைச் செய்மதி வழியாக அறிவதற்கென்றே இதனை வகுத்தனர். செய்மதிக் கட்டணம் அதிகம், மின்வலுவோ குறைவு. ஆதலிற் சொற்சுருக்கமே அதன் உயிர்நாடியாயிற்று. பாலைவனத்து எண்ணெய்க் குழாய்க்குப் பொருந்தியது வீட்டு எண்ணெய்த் தாங்கிக்கும் பொருந்துதல் இயல்பே. ஒரு சிறு கணினி இச்செய்திகளை ஏட்டிற் பதிந்து, 200 லீற்றருக்குக் கீழ் இறங்கியவுடன் வீட்டாரின் தொலைபேசிக்கு அறிவிக்கும். நாளுக்குப் பத்து லீற்றர் செலவாகும் வீட்டிலே அது இருபது நாள் அவகாசம். கொதிகலன் எரியாத கோடைகாலத்திலே மட்டம் நாள்தோறும் மெல்ல இறங்குமாயின் கசிவு. நள்ளிரவிலே ஒரு மணித்தியாலத்தில் 200 லீற்றர் மறையுமாயின் களவு. ஒரே எண்வரிசை இரு கதைகளைக் கூறும்.

அஞ்சவேண்டியவற்றிற்கு அஞ்சுதல்

எரிபொருளோடு விளையாட்டு ஆகாது. அந்நாட்டில் விற்கப்படும் மண்ணெண்ணெயின் ஆவி, 38 பாகை செல்சியசுக்குக் கீழே தீப்பற்றுமளவிற்குச் செறிவடையாது; குளிர்நாட்டுத் தாங்கிகளில் இக்கருவி பொருந்துவது அதனாலேயே. பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையளவிலும் தீப்பற்றும் ஆவியை எழுப்புவது. வீட்டிலே செய்த எக்கருவியையும் பெற்றோற் கலத்திலே ஒருபோதும் பொருத்தலாகாது. மண்ணெண்ணெய்த் தாங்கியிலும், முற்றாக மூடி ஒட்டப்பட்ட ஒலிபரப்பியின் முகம் மாத்திரமே உட்புறத்தை நோக்கல் வேண்டும். மின்கலமும் சில்லும் வெளியே நீர்புகாப் பெட்டியிலே இருத்தல் வேண்டும். தாங்கியிலே புதிதாகத் துளையிடாது, மானிக்கென முன்பே அமைந்த வாயைப் பயன்படுத்தல் வேண்டும். காற்றுப்போக்கியை அடைத்தல் கூடாது.

மௌனத்தின் பொருள்

இத்தகைய கருவிகளில் யாவற்றினும் நுண்ணிய ஆபத்து ஒன்றுண்டு. மின்கலம் தீர்ந்த கருவி, 'நான் இறந்துவிட்டேன்' என்று சொல்வதில்லை, வெறுமனே மௌனமாகிவிடும். கணினியின் திரையிலோ கடைசியாக வந்த 450 லீற்றர் என்னும் எண் அப்படியே நிற்கும். வீட்டார் அதனை இன்றைய எண்ணென நம்பியிருக்க, தாங்கி வறண்டுபோகும். கருவியில்லாத வீட்டார் ஐயத்தோடாவது கோலெடுத்துச் செல்வர். பொய்யான நம்பிக்கை அந்த ஐயத்தையும் போக்கிவிடுகின்றது.

ஆகவே செய்தி வாங்கும் கணினிக்கு இரு கட்டளைகள் இடல் வேண்டும். ஒவ்வோர் எண்ணோடும் அது வந்த நேரத்தைக் காட்டுக. ஒரு நாள் முழுதும் செய்தி வராவிடின் எண்ணெய் தீர்ந்ததற்குச் சமமாகக் கருதி ஓலமிடுக. மின்கல அழுத்தத்தையும் உடன் அனுப்புமாறு நாம் மேலே கூறியதும் இதற்காகவே. செய்தியின்மையை நற்செய்தியெனக் கொள்ளாதிருத்தல், அளக்கும் கருவி அனைத்திற்கும் பொதுவான அறம்.

நம் மாணவர்கள் மண்ணெண்ணெயைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. கூரைமேல் நிற்கும் நீர்த்தாங்கியிலே இதே கருவியை இடரின்றி அமைத்துப் பார்க்கலாம். நிமிர்ந்து நிற்கும் உருளைத் தாங்கியின் ஆரை அரை மீற்றராயின், ஒரு சதமமீற்றர் உயரம் ஏறத்தாழ 7.9 லீற்றர் நீர். அதிகாலையிலும் நண்பகலிலும், ஒருவரும் நீரெடுக்காத வேளையிலே அளந்து, வெப்பநிலைத் திருத்தம் இல்லாதபோது எண் எவ்வளவு மாறுகின்றதென்று குறித்துக்கொள்ளுக. பின்னர் திருத்தத்தைச் சேர்த்து மீண்டும் அளந்து பார்க்க. நூலிலே ஒரு வரியாகப் படித்த ஒலியின் வேகம், தாங்கியின் மேலே நாள்தோறும் ஏறியிறங்குவதைத் தம் கண்ணாலேயே காண்பர். அவ்வாறு கண்டவர் அதனைப் பரீட்சை மண்டபத்திலும் மறவார். பின்னொருகால் குளிர்நாட்டிலே வாழ நேரின், அயலிலுள்ள முதியவரின் தாங்கிக்கும் ஒன்று செய்துகொடுப்பர்.